நுரைக்குக் கீழே: பரங்கிக்காய் பியரில் பரங்கிக்காய் எங்கே?

தசரா வாரத்தில் பெங்களூரில் நான் ருசித்த நான்கு பருவகால பியர்களைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி: "பரங்கிக்காய் பியரில் பரங்கிக்காயைத் தவிர எல்லாம் இருந்தது." அதற்குத்தான் இவ்வளவு கடிதங்கள். முப்பத்தொரு வருடம் காபி ருசி பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். பியர் பக்கம் வந்தது ஓய்வு பெற்ற பிறகு, மகள் இழுத்துக்கொண்டு போனதால். என் நாக்கு காபி நாக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பரங்கிக்காய் தெரியவே இல்லை என்றால், அதைப் பரங்கிக்காய் பியர் என்று விற்பது ஏமாற்று வேலை இல்லையா?
— வாசகர், ஜீவன்பீமா நகர்

பரங்கிக்காய் உள்ளே போயிருக்கும். வெளியே வராது, அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பரங்கிக்காய்த் துண்டுகளை உப்பு, வெல்லம், தேங்காய், தாளிப்பு எதுவும் இல்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஆறவைத்துக் குடியுங்கள். கொஞ்சம் மண் வாசனை, கொஞ்சம் தித்திப்பு. அந்தத் தித்திப்பையும் பியரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் தின்றுவிட்டால் என்ன மிஞ்சும்? நான் இப்படி டம்ளரும் கையுமாக நிற்பதைப் பார்த்த என் மனைவி, "அதுக்குத்தான் பால் கூட்டுல ஏலக்காய் போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மொத்த விஷயமும் அதில் அடக்கம்.

பியர் காய்ச்சுகிறவர் செய்வதும் ஏறக்குறைய அதேதான். பரங்கிக்காயில் தண்ணீர் போக மிச்சம் மாவுச்சத்தும் கொஞ்சம் சர்க்கரையும். அதை மால்ட்டோடு (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சேர்த்து 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெந்நீரில் ஊறவைத்தால், மால்ட்டில் உள்ள என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். பிறகு ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாக்கும். நமக்குக் கிடைப்பது கொஞ்சம் நிறம், கொஞ்சம் வழவழப்பு. காய்ச்சுகிறவருக்குக் கிடைப்பது தலைவலி. பரங்கிக்காய் மசிந்து கொழகொழவென்று அடைத்துக்கொள்ளும், சாறு கீழே இறங்காது. உமி கலந்து வழி உண்டாக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் ஏன் போட்டார்கள்? பஞ்சத்துக்கு. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு நல்ல மால்ட் எளிதில் கிடைக்கவில்லை, பரங்கிக்காய் கொட்டிக் கிடந்தது. பரங்கிக்காயை இடித்து, ஆப்பிளைப் பிழிவது போலப் பிழிந்து, கசப்புக்கும் வாசனைக்கும் போடும் ஹாப்ஸ் பூவைச் சேர்த்துக் காய்ச்சும் செய்முறை ஒன்று 1771-இலேயே அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் ஏட்டில் இருக்கிறது. மால்ட் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் பரங்கிக்காயைக் கைவிட்டார்கள். கஞ்சிக் காலத்துச் சாப்பாட்டை வசதி வந்ததும் மறப்பது அங்கேயும் உண்டு.

1980-களில் கலிபோர்னியாவின் ஹேவர்டு ஊரில் பஃபலோ பில்ஸ் என்ற சின்ன ப்ரூவரி நடத்திய பில் ஓவன்ஸ் அதை மறுபடி எடுத்தார். ஜார்ஜ் வாஷிங்டன் காலத்துச் செய்முறையைப் படித்து, தானே பரங்கிக்காய் வளர்த்து, சுட்டுப் போட்டுக் காய்ச்சினார். ருசித்தால் பரங்கிக்காய் வாசனையே இல்லை! கடைக்குப் போய் பம்ப்கின் பை என்ற பரங்கிக்காய் இனிப்புக்குப் போடும் மசாலாவை வாங்கி, காபி போடும் பாத்திரத்தில் டிகாக்ஷன் இறக்கி, அதை பியரில் ஊற்றினார். காபிக்காரனான எனக்கு இந்தக் கதையில் தனி சந்தோஷம். இன்று உலகம் முழுக்கப் பரங்கிக்காய் பியர் என்று விற்பதில் பெரும்பாலும் இந்த டிகாக்ஷனின் வாரிசுதான் இருக்கிறது: பட்டை, ஜாதிக்காய், இஞ்சி, கிராம்பு.

நமக்கு இதில்தான் சிக்கல். அமெரிக்கர் அந்த வாசனையை மோந்தால், பாட்டி வீட்டில் அடுப்பிலிருந்து இறங்கும் இனிப்பு ஞாபகம் வரும். பட்டையும் கிராம்பும் சேர்ந்து வந்தால் எனக்கு சிவாஜி நகரில் பிரியாணி தம் உடைக்கிற ஞாபகம்தான் வருகிறது. பியரில் தப்பே இல்லாமல்கூட நம் மூளை "குஸ்கா எங்கே?" என்று கேட்கும். மதிப்பெண் போடும்போது இதை நான் கழித்துக்கொள்ளப் பார்க்கிறேன். எப்போதும் முடிவதில்லை.

அந்த நான்கு பியர்களைப் பற்றி விவரமாக எழுதக் கூடாதா? நாலு வரி போதவில்லை.
— வாசகி, ஹெப்பால்

எழுதலாம். கடைப் பெயர் மட்டும் வேண்டாம். பருவகால பியர் ஒரு தடவை காய்ச்சியது போல இன்னொரு தடவை இருக்காது. நான் திட்டியது அடுத்த கெக்கில், அதாவது அடுத்த பீப்பாயில், திருந்தியிருக்கலாம்.

முதலாவது கோரமங்களாவில். பரங்கிக்காய் ஏல் என்று பலகையில் ஆரஞ்சு சாக்பீஸில் எழுதியிருந்தது; ஏல் என்பது பியரில் ஒரு வகை. "ஃபுல் ஃப்ரெஷ் பம்ப்கின் சார்" என்று பரிமாறிய பையன் சத்தியம் செய்யாத குறை. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் எனக்கு ஏழு வயது ஆகிவிட்டது: சொத்தைப் பல், அம்மா பஞ்சில் நனைத்து வைத்த கிராம்புத் தைலம். கிராம்புக்கு வாசனை தருவது யூஜினால் என்ற பொருள். அது துளி கூடினால் மற்ற எதையும் எழுந்திருக்க விடாது. ருசியும் அப்படியே, நாக்கு லேசாக மரத்தது. மாப்பிள்ளை "பல் வலி போயிடும் மாமா" என்றார். பத்துக்கு மூன்று, அதுவும் நிறத்துக்காக.

இரண்டாவது இந்திரா நகரில், இதுவும் பரங்கிக்காய்தான். ஆனால் இங்கே காயைத் துண்டு போட்டு, ஓரம் கருகும்வரை சுட்டு, பழுப்பு ஏலில் சேர்த்திருந்தார்கள். சுடும்போது சர்க்கரை கருகி உண்டாகிற ருசி ஈஸ்டுக்கு முழுதாக இரையாவதில்லை. அதனால் கொஞ்சம் மிஞ்சுகிறது. மூக்கில் வெல்லப்பாகும் வறுத்த ரொட்டியும். மசாலாவில் ஜாதிக்காய் மட்டும், அதுவும் ஒளிந்து நின்றது. பாதி கிளாஸ் வெதுவெதுப்பான பிறகு, சுட்ட பரங்கிக்காயின் தோல் வாசனை ஒரு நொடி வந்து போனது. அந்த ஒரு நொடிக்காக ஏழரை.

மூன்றாவது கொய்யா. அன்றைய நாயகன் அதுதான். ஜெர்மனியில் கோஸே என்றொரு பழைய பியர் உண்டு. கோதுமையோடு உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டு, லாக்டிக் அமிலப் புளிப்போடு செய்வது. லைப்சிக் நகரம் அதற்குப் பேர்போனது. அந்த அடித்தளத்தில் சிவப்புக் கொய்யாவைச் சேர்த்து, கிளாஸ் விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் தள்ளுவண்டிக்காரர் நாலாகக் கீறி மிளகாய்த்தூள் அடைத்துத் தருவாரே, அதே கொய்யா! கொய்யாவின் வாசனை பலமானது, அமிலத்துக்கு அஞ்சாது, இனிப்பு போனாலும் நிற்கும். ஒன்பது. மிளகாய்த்தூள் கொஞ்சம் பழசாக இருந்ததால் பத்து போடவில்லை.

நான்காவது பெங்களூர் நீலத் திராட்சை. இதைப் பற்றி நான் அவசரப்பட்டு "மிட்டாய் வாசனை, எசென்ஸ் போலிருக்கிறது" என்று எழுதிவிட்டேன், வாபஸ் வாங்குகிறேன். தேவனஹள்ளி, சிக்கபள்ளாபூர் பக்கம் விளையும் அந்தத் திராட்சை அமெரிக்க லப்ருஸ்கா வகையின் வழிவந்தது. அந்த வகைக்கே உரிய வாசனையைப் பார்த்துத்தான் மிட்டாய்க்காரர்கள் திராட்சை எசென்ஸைச் செய்தார்கள். அதாவது பழம் மிட்டாயைப் போல இல்லை, மிட்டாய்தான் பழத்தைப் போல இருக்கிறது. மறுபடி போய்க் குடித்தேன். தோலின் துவர்ப்பு கடைசியில் தெளிவாக வந்தது, எசென்ஸில் அது வராது. நான்கிலிருந்து ஆறுக்கு ஏற்றியிருக்கிறேன்.

மே மாதம் மாம்பழ பியர் குடித்தேன். இனிப்பே இல்லை, புளிப்பும் கசப்பும்தான். மட்டமான மாம்பழமா?
— வாசகர், கே.ஆர். புரம்

மாம்பழம் உயர்ந்த ரகமான பாதாமியாகவே இருந்திருக்கலாம். பழத்தின் சர்க்கரை முழுக்க ஈஸ்டின் பங்கு. வாசனையும் அமிலமும் நம் பங்கு. எந்த நேரத்தில் பழம் போட்டார்கள் என்பது முக்கியம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும் முதல் மும்முரத்தில் போட்டால், பொங்கி வெளியேறும் கரியமில வாயு நல்ல வாசனையையும் வாரிக்கொண்டு போய்விடும். அதனால் பலர் அந்த ஆட்டம் அடங்கிய பிறகு பழக்கூழைச் சேர்க்கிறார்கள். கொதிக்க வைத்தால் பழத்தின் பெக்டின் கலங்கி பியர் மூட்டமாகிவிடும்.

உங்களுக்கு இனித்துக் கிடந்தால்தான் மாம்பழம் என்றால், லாக்டோஸ் சேர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். அது பால் சர்க்கரை. பியர் ஈஸ்டால் அதைத் தின்ன முடியாது, இனிப்பு தங்கிவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதே கேள்வியைத் தப்பித்துக்கொள்வதற்காகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. சிட்ரா, மொசைக் போன்ற ஹாப்ஸ் வகைகள் மாம்பழமே போடாமல் மாம்பழ வாசனை தரும். பலகையில் "மேங்கோ நோட்ஸ்" என்று எழுதியிருந்தால் உள்ளே பழம் இருக்கிறது என்று பொருளில்லை.

தில்லி ஹாட்டில் ஃப்ரூட் பியர் குடித்தேன். குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்களே?
— வாசகி, மயூர் விஹார், தில்லி

அது ஆல்கஹால் இல்லாத பானம். நுரைக்கிறது, பாட்டில் பியர் மாதிரி இருக்கிறது, அதோடு சரி. இந்தப் பகுதியில் நான் சொல்லும் பழ பியர் வேறு. அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஆப்பிள் பியர் என்று பலகையில் இல்லை. சாதாரண லாகர் வகை பியரில் பச்சை ஆப்பிள் வாசனை வந்தது. ரகசியமாகப் பழம் சேர்க்கிறார்களா?
— வாசகர், ஒயிட்ஃபீல்டு

நல்ல மூக்கு உங்களுக்கு. அது பழம் அல்ல, அசெட்டால்டிஹைடு என்ற ரசாயனம். ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே அவசரமாக இறக்கிய பியரில் மிஞ்சும். வெண்ணெய் வாசனை வந்தால் டையசெட்டைல், அதுவும் பெரும்பாலும் பொறுமையின்மைதான். ஆனால் கோதுமை பியரான ஹெஃபெவைசனில் வாழைப்பழமும் கிராம்பும் மணந்தால் பயப்படாதீர்கள். அந்த வகையில் ஈஸ்ட் தானே அவற்றை உண்டாக்கும், வாழையும் போடுவதில்லை கிராம்பும் போடுவதில்லை. கோரமங்களாக்காரர் நல்ல ஹெஃபெவைசன் ஈஸ்டை நம்பியிருந்தால் அத்தனை கிராம்பு செலவாகியிருக்காது.

பருவகால பியர்களை எந்த முறையில் ருசிக்க வேண்டும்?
— வாசகர், ஓசூர்

காபியை நாங்கள் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சித் துப்புவோம். பியரை ஒரு மடக்காவது விழுங்க வேண்டும், கசப்பு தொண்டைக்குப் போன பிறகுதான் முழுதாகத் தெரியும். ஐஸ் படிந்த கிளாஸ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில்லிப்பு வாசனையைப் பூட்டிவிடும். மசாலா பியர் என்றால் பத்து நிமிடம் மேஜையில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் கிளாஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். இளசிலிருந்து கனத்துக்குப் போங்கள், புளிப்பும் மசாலாவும் கடைசியில். நடுவில் வெறும் தண்ணீர். சில்லி சிக்கனை ருசி முடிந்த பிறகு வரவழையுங்கள், நான் பல முறை தவறியது இங்கேதான். பெரிய கிளாஸ் வாங்காமல் சின்னச் சின்ன சாம்பிள் கிளாஸ்களாகக் கேட்டால் நாலு பேர் நாலு பியரைப் பகிரலாம். அப்புறம், கெக் என்றைக்குத் திறந்தார்கள் என்று கேளுங்கள். பழ வாசனை நாளாக நாளாக மங்கும்.

வண்டியை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோவில் போங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். சாம்பிள் கிளாஸ் சின்னது என்பதைப் போலீஸ்காரரின் ஊதுகுழாய் கண்டுகொள்ளாது.

பழம் சேர்த்தால் உடம்புக்கு நல்லதாமே? எனக்கு சர்க்கரை உண்டு.
— வாசகர், ராஜாஜி நகர்

பழம் வேண்டுமென்றால் பழத்தைச் சாப்பிடுங்கள். எவ்வளவு என்று டாக்டரைக் கேளுங்கள்.

வீட்டிலேயே பரங்கிக்காய் பியர் காய்ச்ச செய்முறை தருவீர்களா?
— வாசகர், பனசங்கரி

தர மாட்டேன். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது கர்நாடகக் கலால் சட்டப்படி குற்றம். பால் கூட்டு செய்முறை வேண்டுமானால் மனைவியிடம் கேட்டு எழுதுகிறேன்.

மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து குடிப்பதை வெளிப்படையாக எழுதுகிறீர்களே, கூச்சமாக இல்லையா?
— வாசகி, அல்சூர்

முதல் தடவை இருந்தது. 2012 என்று ஞாபகம். மகள் இரண்டு பேர் முன்னாலும் கிளாஸை வைத்துவிட்டு ஃபோன் பேச வெளியே போய்விட்டாள். நான் சுவரைப் பார்த்தேன், அவர் மெனுவைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் கடைசியில், "மாமா, இதில் என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்க" என்றார். ஆரஞ்சுத் தோல், தனியா என்றேன். பெல்ஜிய விட்பியர் அது, இரண்டுமே போடுவார்கள். அவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டார். அன்றிலிருந்து அவர் கேட்பார், நான் சொல்வேன். குடிக்கிறோம் என்பதைவிட பரீட்சை எழுதுகிறோம் என்பதுதான் சரி. அவருடைய அப்பாவுக்கு மட்டும் இது தெரியாது, இந்த இதழை அவர் வாங்குவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்கு இத்தனை பூசணி உடைக்கிறோம். அந்த வெள்ளைப் பூசணியில் பியர் வராதா?
— வாசகர், கமர்ஷியல் தெரு

பரங்கிக்காயிலாவது கொஞ்சம் மாவுச்சத்து உண்டு. வெள்ளைப் பூசணியில் பெரும்பாலும் தண்ணீர், அதில் ஈஸ்ட் பட்டினி கிடக்கும். ரோட்டில் உடைப்பதோடு நிறுத்திக்கொள்வோம். உடைத்த துண்டுகளை மட்டும் தயவுசெய்து ஓரமாகத் தள்ளிவிடுங்கள். போன வருடம் எங்கள் தெருமுனையில் குங்குமம் தடவிய பூசணித் துண்டில் என் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தது. அன்று நான் குடித்திருந்தது இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி. இதை மாப்பிள்ளை இன்னும் நம்பவில்லை.