வெயில் ஊர்லயே இருந்தும் வைட்டமின் டி ஏன் குறையுது?

மலேசியாவுல சுங்கை சிப்புட்டுலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வயசு 46, ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட், தொடையும் இடுப்பும் வலி, படி ஏறுனா கால்ல தெம்பே இல்லையாம். ரத்த டெஸ்ட்ல வைட்டமின் டி லிட்டருக்கு 34 நானோமோல்னு வந்திருக்கு. "வெயில் கொளுத்துற ரப்பர் தோட்டத்துல பொறந்து வளந்தவ நான், எனக்கு எப்படி குறையும்? தினமும் காலையில ஏழரைக்கு வேன்லேர்ந்து எறங்கி வாசல் வெயில்ல நிக்கிறேன், பத்தாதா?"

அக்கா, 50க்கு கீழ போனாலே குறைவுதான், அதனால வயசாச்சு வலிக்குதுன்னு விட்டுறாதீங்க. டி பத்தலேன்னா சாப்பாட்டுல இருக்குற கால்சியத்த குடல் சரியா இழுக்காது, ரத்தத்துக்கு வேண்டியத உடம்பு எலும்புலேர்ந்து எடுத்துக்கும், தசையும் தளந்து போகும்.

தோட்டத்துல வளந்தது வேற, தோல்ல வெயில் படுறது வேற. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுனவங்களே விடியறதுக்கு முன்னாடி முழுக்கை சட்டையோட மர நெழல்லதான் வேலை செஞ்சாங்க. இப்ப நீங்க வெளிச்சம் இருக்குற நேரம் பூரா தூங்குறீங்க.

அந்த ஏழரை மணி வெயில் இதுக்கு உதவாது. தோல்ல டி உண்டாக்குறது வெயில்ல இருக்குற யூவிபிங்கற புற ஊதாக் கதிர், சூரியன் தாழ இருந்தா அது தரைக்கு வர்றதே ரொம்ப கம்மி. அதுவும் 1982ல தீபகற்ப மலேசியாவுல கடிகாரத்த அரை மணி நேரம் முன்னுக்கு தள்ளிட்டாங்க, உங்க ஊர்ல உச்சிவேளையே மதியம் ஒன்னே கால் வாக்குலதான், ஏழரைக்கு சூரியன் இப்பதான் எழும்பியிருக்கும். உங்க நெழல பாருங்க, உங்க உயரத்த விட குட்டையா இருந்தாதான் பிரயோஜனம். அப்படின்னா காலை பத்தரைக்கு மேல, இல்லாட்டி சாயந்தரம் நாலுக்குள்ள. தூக்கத்த கெடுத்துக்க வேணாம், எழும்புனதும் மூன்றரை வாக்குல கையும் காலும் தெரியுற மாதிரி இருபது முப்பது நிமிஷம், வாரத்துக்கு மூணு நாலு நாள். நம்ம கருத்த தோலுக்கு வெள்ளைக்காரங்கள விட கூட நேரம் வேணும், ஆனா தோல் எரியுற அளவுக்கு நிக்காதீங்க. வேன் கண்ணாடி வழியா படுற வெயில் கணக்குல வராது, யூவிபிய கண்ணாடி தடுத்துரும், சூடு உள்ள வந்தாலும் டி உண்டாகாது.

34க்கு வெயில மட்டும் நம்பாதீங்கன்னுதான் சொல்லுவேன், சார்டினும் முட்டை மஞ்சக்கருவும் சாப்பிடுங்க ஆனா அதுவும் பத்தாது, மாத்திரை வேணும். சாதாரணமா பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட், 70 வயசுக்கு மேல 800, குறைஞ்சு போனவங்களுக்கு எவ்ளோன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். யாரோ சொன்னாங்கன்னு 4000 தாண்டி தினமும் போடாதீங்க, ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னிய பாதிக்கும். இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) இருந்து கிட்னியும் லேசா கெட்டிருந்தா அத கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஏன்னா டிய உடம்புக்கு பயன்படுற மாதிரி கடைசியா மாத்துறதே கிட்னிதான். மாத்திரைய வெறும் வயித்துல போடாம சோறு கறியோட போடுங்க, கொழுப்புல கரையுற சத்து அது. மூணு மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுங்க.