நாட்டு மரக் கன்றுகளுக்கு நடுவே புல்: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். பொன்னமராவதி பக்கம் எனக்கு 2 ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. பல வருடம் தைலமரம் நின்ற இடம். அதை வெட்டி விற்றுவிட்டு, பழையபடி காடாக்கலாம் என்று போன ஐப்பசியில் நாவல், இலுப்பை, வேம்பு, உசிலை, பாலை எல்லாம் கலந்து 600 கன்றுகள், 12 அடிக்கு ஒன்றாக நட்டேன். இந்த மழைக்குப் புல் இடுப்பு உயரம் வந்துவிட்டது, அடியில் கோரை. பல கன்றுகள் இருக்கிற இடமே தெரியவில்லை. மருந்துக் கடையில் களைக்கொல்லி என்று கிளைபோசேட் ஒன்று, 2,4-டி ஒன்று கொடுத்து, இரண்டையும் கலந்து அடித்தால் சுத்தமாகிவிடும் என்றார்கள். ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி ஊற்றுவது? இல்லை, ரோட்டவேட்டர் விட்டு ஓட்டிவிடலாமா? தைலக் கட்டைகளிலும் துளிர் வந்திருக்கிறது. விறகுக்கு ஆகும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

பதில்: மில்லிக் கணக்கு நான் சொல்லப் போவதில்லை. அந்த இரண்டு பாட்டிலையும் பிரிக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2,4-டி அகன்ற இலைச் செடிகளைக் கொல்வது, புல்லை விட்டுவிடுவது. நெல், சோள வயலில் அதை அடிப்பதே அதற்காகத்தான். உங்கள் நாவல், இலுப்பை, பாலை எல்லாம் அகன்ற இலைதானே? கிளைபோசேட் பச்சையாக இருக்கிற எதன் மேல் பட்டாலும் உள்ளே இறங்கும். ஒரு வயதுக் கன்றின் தண்டே இன்னும் பச்சைதான். புல்லுக்குள் ஒளிந்திருக்கிற கன்றை நீங்களே பார்க்க முடியவில்லை என்கிறீர்கள், தெளிப்பான் எப்படிப் பார்க்கும்? தப்பிப் பிழைக்கிற கன்றும் அடுத்த துளிரில் நூல் மாதிரி குறுகிய இலையாக விட்டு அப்படியே நின்றுவிடும். போதாததற்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் தவிர வேறு யாரும் கிளைபோசேட் அடிக்கக் கூடாது என்று ஆணை போட்டது. இதையெல்லாம் சொல்லாமல், மரக்கன்று நட்டிருப்பவரிடம் இந்த இரண்டையும் சேர்த்து விற்ற கடைக்காரர் உங்கள் நிலத்தைப் பற்றி ஒரு நொடி யோசிக்கவில்லை. சரக்கு போனால் போதும் அவருக்கு.

ரோட்டவேட்டரும் வேண்டாம். கோரைக் கிழங்கைத் துண்டு துண்டாக்கி நிலம் முழுக்க நட்டுக் கொடுக்கும் வேலையை அது பிரமாதமாகச் செய்யும். மேல் மண்ணில் ஓடுகிற கன்றின் சல்லி வேரையும் அறுத்துவிடும்.

புல்லுக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மழை விட்டு மண் ஈரமாக இருக்கிற நாளில் ஒவ்வொரு கன்றையும் தேடிப் பிடித்து, சுற்றிலும் இரண்டு முழத்துக்குப் புல்லை வேரோடு பிடுங்குங்கள். அறுத்தால் போதாது. அறுத்த புல் மறுபடி தழைத்துத் தண்ணீர் குடிக்கும். பிடுங்கியதை அதே வட்டத்தில் அரை அடி கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டி நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் கறையான் ஏறும், தண்டு அழுகும். கதிர் முற்றிய புல்லை மூடாக்காகப் போடாதீர்கள், அது விதைப்பதற்குச் சமம். பொங்கல் கழிந்ததும் இன்னொரு முறை. அதுதான் மிக முக்கியமான களையெடுப்பு, ஏனென்றால் அதற்குப் பிறகு மண்ணில் மிச்சமிருக்கிற ஈரம்தான் கன்று கோடை தாண்ட வேண்டிய தண்ணீர்.

வட்டத்துக்கு வெளியே? விட்டுவிடுங்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. நிலம் சுத்தமாக இருந்தால்தான் விவசாயி என்ற பெயர் நிற்கும் என்பது கடலைக் கொல்லையில் வந்த பழக்கம். காட்டுக்கு அது பொருந்தாது. கொழுஞ்சியும் ஆவாரையும் முளைத்திருந்தால் கை வைக்காதீர்கள். கொழுஞ்சி தழைச்சத்து கொடுக்கும், மாடு ஆடு அதிகம் கடிக்காது, பங்குனி வெயிலில் கன்றுக்குப் பக்கவாட்டு நிழலும் தரும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குயிலும் மைனாவும் சின்னானும் உங்களுக்குக் கூலி கேட்காமல் நட்டுக்கொண்டிருக்கின்றன. வேலிக் கம்பத்தின் அடியில், பழைய கட்டையின் அடியில் குனிந்து பாருங்கள். புல்லை விலக்கினால் விரல் நீளத்தில் வேம்பு, காரை, சூரைக் கன்றுகள் நிற்கும். ஒரு தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் ஓடி முடித்த மறுநாள் நான் போனேன். நட்ட கன்றுகளின் அடித்தண்டில், கணுக்கால் உயரத்தில், நைலான் நரம்பு மோதி மோதிப் பட்டை முழு வளையமாக உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. இலையெல்லாம் பச்சை, உரிமையாளர் சந்தோஷமாக இருந்தார். கோடை முடிவதற்குள் அத்தனையும் காய்ந்தன. தானாக முளைத்தவை எத்தனை போயின என்று எண்ணக்கூட வழியில்லை. அதனால் கூலி ஆட்களை இறக்குவதற்கு முன்னால் நீங்களே ஒரு காலை முழுக்க நடந்து, நட்டது, தானாக வந்தது எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி, பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கட்டிவிடுங்கள். துணி இருக்கிற இடத்தில் கை மட்டும்தான் போக வேண்டும், மெஷின் போகக் கூடாது.

கோரையைப் பற்றிக் கவலையே வேண்டாம். உங்கள் பக்கம் கோயில் காடுகள் இன்னும் இருக்கின்றன. ஒன்றுக்குள் போய்த் தரையைப் பாருங்கள், சருகுதான் கிடக்கும். நிழல் விழுந்தால் கோரை போய்விடும். உங்களுக்கு நிழல் தாமதமாவது 12 அடி இடைவெளியால். அது தோப்புக் கணக்கு, ஏக்கருக்கு 300 மரம்தான் வரும். 6 அடி என்றால் 1,200. இடைவெளியில் இந்த மழையிலேயே பூவரசு, வாகை, வேம்பு என்று கிடைத்ததை ஊன்றுங்கள்.

அப்புறம், போகிற போக்கில் தைலத் துளிரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். புல்லின் வேர் மேலாக நிற்கும். தைலக் கட்டைக்குப் பல வருட வேர் இருக்கிறது, உங்கள் கன்றுக்கு ஒரு வருட வேர். பங்குனி சித்திரையில் தண்ணீர் யாருக்குப் போகும்? விறகு ஆசையை விடுங்கள். துளிர் ஒரு சாண் வந்ததும் கோடாலியின் பின்பக்கத்தால் கட்டையோடு ஒட்டத் தட்டி உதிர்க்க வேண்டும். மறுபடி வரும், மறுபடி தட்ட வேண்டும். இரண்டு வருடம் விடாமல் செய்தால் பெரும்பாலான கட்டைகள் ஓய்ந்துவிடும். ஜேசிபி வைத்துப் பிடுங்குவதாக இருந்தால் கன்று நடுவதற்கு முன் செய்திருக்க வேண்டும், இப்போது வேண்டாம்.

மாசி பிறப்பதற்குள் ரோட்டுப் பக்கம் 10 அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் தரையாக்கிவிடுங்கள். காய்ந்த புல்லுக்கும் மூடாக்குக்கும் ஒரு பீடித் துண்டு போதும்.