அம்மாவின் கூறைப்புடவையை வெட்டி உடை தைக்கலாமா?

கேள்வி: மறைந்த என் அம்மாவின் கூறைப்புடவை நாற்பது ஆண்டுகளாகப் பீரோவில் மடித்தபடியே இருக்கிறது. கட்டிக்கொள்ளப் பயமாக இருக்கிறது. வெட்டி வேறு உடையாகத் தைக்க ஆசைப்பட்டால் மனம் வரவில்லை. அண்ணியும் வெட்டக் கூடாது என்கிறார். என்ன செய்யலாம்?

வெட்டலாம் என்பதே என் பதில். ஆனால் என்ன தைப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத் துணியைக் கையில் எடுக்காதீர்கள். துணி எந்த அளவுக்குத் தாங்கும் என்று பார்த்த பிறகுதான் அது ரவிக்கையா, பாவாடையா, துப்பட்டாவா என்பதை முடிவு செய்ய வேண்டும். கும்பகோணத்துக்கு அருகே வசிக்கும் நான் இதுவரை மூன்று பழைய பட்டுப்புடவைகளை இப்படி மாற்றியிருக்கிறேன். முதலாவதைப் பாழாக்கித்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

அது என் பெரியம்மாவின் மாம்பழ மஞ்சள் பட்டு. அதை ஒரு தையல் கடையில் கொடுத்து, உடம்போடு ஒட்டிய ரவிக்கையாகத் தைத்து வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டாவது முறை அணிந்தபோது, ஒரு கல்யாண வீட்டில் மேலே இருந்த தாம்பாளத்தை எடுக்கக் கையை உயர்த்தினேன். அக்குளிலிருந்து முதுகின் நடுப்பகுதி வரை கிழிந்துவிட்டது. தையல் பிரிந்திருந்தால் மறுபடி தைத்திருக்கலாம். தையல் அப்படியே இருக்க, அதை ஒட்டிய துணிதான் கிழிந்திருந்தது. பழைய பட்டு அப்படித்தான் போகும். வியர்வையும் வெளிச்சமும் பல ஆண்டுகளில் பட்டு இழையின் வலுவைக் குறைத்துவிடுகின்றன; ஊசி வரிசையாகத் துளைபோட்ட இடத்தில் இழுவிசை விழுந்தால் அந்த வரிசையை ஒட்டியே துணி விட்டுவிடுகிறது.

வெட்டுவது தவறு என்ற எண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்தில் நூல் சேலை விஷயத்தில் யாரும் அப்படி நினைத்ததில்லை. அப்பாயி கட்டிக் கட்டி மெத்தென்று ஆன சேலைதான் பேரப்பிள்ளைக்குத் தூளியாகும். அதிலிருந்து கிழித்த துண்டுதான் பிறந்த குழந்தைக்கு முதல் துணியாகும். தாத்தாவின் வேட்டி விளக்குத் திரியாகும். கிழித்த பிறகும் அது அப்பாயியின் சேலைதான். பட்டு என்று வந்தவுடன்தான் நமக்குக் கை நடுங்குகிறது. ஆனால் வெட்டாமல் பீரோவிலேயே வைத்திருந்தால் பட்டு பத்திரமாக இருக்கும் என்பது உண்மையில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரத்தில் ஜரிகை கறுக்கிறது, துணியில் பூசணம் பிடிக்கிறது, ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பட்டு அந்த மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போகிறது. கடைசியில் பழைய ஜரிகை வாங்குபவரிடம் வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிடும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

என் அம்மாவின் கூறைப்புடவை திருபுவனத்தில் எடுத்தது, அரக்கு நிறம். திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் புடவைகளை விசிறி மடிப்பாக மடித்துத் தருவது அவ்வூரின் அடையாளம். அம்மா அதைக் கட்டிய பிறகு சாதாரணமாக நான்காக மடித்து, ஒவ்வொரு முறையும் அதே கோட்டில்தான் வைத்தார். அம்மா போன பிறகு வந்த பொங்கலுக்குத் தங்கை வந்திருந்தபோது, நாங்கள் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கூடத்து ஜன்னலுக்கு நேராக அதைப் பிரித்தோம். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் அரக்கு நிறம் நிறைந்து நின்றது. நடு மடிப்பில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு நெடுக்கு இழைகள் அறுந்து, குறுக்கு இழைகள் சீப்பின் பற்களைப் போல வெறுமனே தொங்கின. அந்த இடத்தைத் தொட்டுவிட்டுத் தங்கை கையை எடுத்துக்கொண்டாள். நாங்கள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

நீங்களும் இப்படித்தான் தொடங்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் புடவையை முழுவதும் பிரித்து, வலுவற்ற இடங்களை வெள்ளை நூலால் பெரிய தையலாக ஓட்டி அடையாளம் வையுங்கள். பேனாவும் வேண்டாம், குண்டூசியும் வேண்டாம். கொசுவத்தின் கீழ்க்கரை குதிகால் பட்டுத் தேய்ந்திருக்கும். தோளில் ஊக்குத் துளைகள் இருக்கும். ஜரிகை கனமாக உள்ள இடத்தில் அந்தக் கனமே பட்டை இழுத்திருக்கும். ஃபால்ஸ் தைத்திருந்தால் அதன் நூலை ஒவ்வொன்றாக வெட்டிப் பிரியுங்கள். அதற்கு அடியில் புடவை வாங்கிய அன்றைய நிறம் அப்படியே இருக்கக்கூடும். எங்கள் புடவையில் இருந்தது. அம்மாவின் கல்யாணத்தன்று அந்த அரக்கு எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

உங்களுடையது மயிலாடுதுறையின் கூறைநாட்டில் நெய்த பழைய வகைக் கட்டம் போட்ட புடவை என்றால், அதில் பட்டோடு பருத்தியும் கலந்திருக்கும். அப்படியானால் இரண்டு இழைகளும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. கட்டங்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே பாருங்கள்.

ஐந்தரை மீட்டரில் எங்களுக்குத் தேறியது சேர்ந்தாற்போல் இரண்டரை மீட்டரும் முந்தானையும்தான். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பாவாடை என்றால் துணி உடம்பை இறுக்காது, இழுவிசை குறைவு. அதனால் பாவாடை என்று முடிவு செய்தோம். பெரியம்மாவின் ரவிக்கையில் பட்ட அடி எனக்கு மறக்கவில்லை. பழைய பட்டில் இறுக்கமான ரவிக்கை தைக்க யார் கேட்டாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ரவிக்கைதான் வேண்டும் என்றால் உடல் பகுதிக்குப் புதுத் துணியைப் போட்டு, கைகளின் விளிம்பில் மட்டும் அம்மாவின் கரையை வைத்துத் தையுங்கள்.

எங்கள் தெருவில் தையல் தொழில் செய்யும் அக்கா ஒருவர்தான் தைத்துக் கொடுத்தார். அவர் சொன்ன முறையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். மல் என்னும் மெல்லிய பருத்தித் துணியை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, உலர்த்தித் தேய்த்து, அது சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிய பிறகு, பட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் அதே அளவில் ஒரு மல் துண்டை வெட்டினார். இரண்டையும் சேர்த்துக் கையால் நூலோட்டி, அதன் பிறகு இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தைத்தார். "பாரத்தையெல்லாம் உள்துணி தாங்கட்டும் தங்கச்சி, பட்டு சும்மா மேல கெடந்தாப் போதும்" என்றார். ஊசி 11ஆம் எண்; நூல் பருத்தி நூல்; தையல் சற்று நீளம். நெருக்கமான சிறு தையல் உறுதியானது என்று நினைப்போம், ஆனால் பழைய பட்டில் அது கிழிப்பதற்குக் கோடு போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும். சூடு காட்டி ஒட்டும் கேன்வாஸ் துணியை அவர் தொடவே விடவில்லை. ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது, பிரித்தால் பட்டும் அதோடு வந்துவிடும்.

பட்டுப்பாவாடை என்றால் பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவதற்காகக் கீழே மடிப்பு வைத்துத் தைப்பது நம் வழக்கம். பழைய பட்டில் அந்த மடிப்பு கூடாது. மறுபடியும் ஒரு மடிப்புக் கோட்டை நாமே உண்டாக்கியதாகிவிடும். அக்கா அதற்குப் பதிலாக, மேலே வைக்கும் பருத்திப் பாடியின் கீழ்விளிம்பில் மூன்று அங்குலம் கூடுதலாக மடித்து வைத்தார். பாவாடையின் கனம் தோளிலிருந்து தொங்கும், இடுப்பில் இறுக்காது. மகள் உயரும்போது பருத்தியைப் பிரித்து இறக்கினால் போதும். இதுவரை இரண்டு முறை இறக்கியாகிவிட்டது.

வெட்டுவதற்கு முன் ஒரு முறை அலச வேண்டியிருந்தால் பூந்திக்கொட்டை ஊறிய நீரைப் பயன்படுத்துங்கள். பிழியாமல், வெயில் படாமல் உலர்த்துங்கள். கறுத்த ஜரிகையைப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்.

முந்தானையை அலசவே வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள். அம்மா கோயிலுக்கு அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போனால், குங்குமத்தை முந்தானை நுனியில் முடிந்துதான் வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்த நுனியில் கட்டை விரல் அகலத்துக்குச் சிவப்பு ஏறியிருக்கிறது. முடிச்சுப் போட்ட சுருக்கமும் போகவில்லை. அதை அழுக்கு என்று வெட்டிப் போடவிருந்த என்னைத் தடுத்தவள் அவள்தான். அந்த ஒரு மூலையை மட்டும் தனியாக எடுத்து, பாவாடையின் உட்புறம், மல் துணியின் மேல் சிறு பையாக வைத்துத் தைத்தோம். வெளியே தெரியாது. மீதி முந்தானை மல் துணி பிடித்துத் தங்கைக்குத் துப்பட்டா ஆயிற்று.

ஆகவே உங்கள் அண்ணி விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இதுதான். அவர் வெட்டக் கூடாது என்கிறார் என்றால் அவருக்கும் அந்தப் புடவையில் ஏதோ ஒன்று இருக்கிறது. அவர் இல்லாத நேரத்தில் தையல்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நாள் பகலில் அவரை அழைத்து, அவர் கையில் ஒரு முனையைக் கொடுத்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பகுதி அவருக்கு வேண்டும் என்று கேட்டு, அதை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்திலிருந்து உங்களுக்கு என்ன தைக்கலாம் என்று பாருங்கள். இருவருக்கும் வேண்டாத துண்டுகள் மிஞ்சினால் மடிக்காமல், ஒரு பழைய நூல் துணியோடு சேர்த்துச் சுருட்டி, கொஞ்சம் வசம்பு போட்டு வையுங்கள். பாவாடையில் எங்காவது இற்றால் உள்ளிருந்து ஒட்டுப்போட அதே பட்டுத்தான் வேண்டியிருக்கும்.