கேள்வி – பதில்: மேட்டில் ஏறிய கால்வாய்

கேள்வி: சீனாவின் பெருங்கால்வாயில் ஹாங்சோவிலிருந்து பீஜிங் வரை படகு போனதாமே, வழியில் மேடு குறுக்கிடவில்லையா?

பதில்: குறுக்கிட்டது. சுய் வம்சப் பேரரசர் யாங் 605 முதல் 610 வரை வெட்டுவித்த கால்வாய், மேற்கே லோயாங் பக்கம் வளைந்து போனதால் அந்தத் தொல்லை இல்லை. பீஜிங் தலைநகரான பிறகு, யுவான் அரசு 1289-ல் ஷான்டோங் வழியாகக் குறுக்குவழி வெட்டியது. வந்தது வினை. அந்த வழியில் உச்சி நான்வாங். ஆற்று நீரைக் கொண்டுவந்து விட்டதோ அதைவிடத் தாழ்ந்த ஜினிங்கில். தண்ணீர் மேட்டில் ஏறுமா? கனத்த படகுகள் தரைதட்டின; தலைநகருக்கான வரித் தானியத்தில் பெரும்பகுதி கடல்வழியாகவே போயிற்று.

1411-ல் மிங் வம்ச அமைச்சர் சோங் லி, பாய் யிங் என்ற உள்ளூர்ப் பெரியவரின் யோசனைப்படி, வென் ஆற்றை டாய்ச்சுனில் மறித்து நீரை நான்வாங் உச்சிக்கே கொண்டுவந்தார். அங்கிருந்து பெரும்பங்கு வடக்கே, மீதி தெற்கே. வடக்கில் லின்சிங் வரை 90 சீன அடி இறக்கத்துக்கு 17 மதகு. தெற்கில் 116 அடிக்கு 21. 1415-ல் கடல்வழியை நிறுத்திவிட்டார்கள்.

மதகு என்றால் எதிரெதிரே இரண்டு கல்சுவர், அவற்றில் செங்குத்தான காடி, காடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் மரப்பலகைகள். படகுகள் சேரும்வரை காத்திருந்து, பலகைகளை எடுத்து, மொத்தமாக விட்டு, உடனே மூட வேண்டும். அவசரக்கார அதிகாரி ஒருவருக்காக முன்கூட்டியே திறந்தால் மேல்பகுதி வற்றும். பின்னால் வரும் தானியப் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடும். சுற்றுப்புற ஊற்றுகளும் கால்வாய்க்கே என்று விதி. வயல் காய்ந்தாலும் உழவர் அந்த நீரைத் திருப்பக் கூடாது. கால்வாயின் பெருமை பேசுகிறவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: இரண்டு கதவுகளுக்கு இடையே படகை நிறுத்தி நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் இரட்டைக் கதவு மதகும் சீனர் கண்டுபிடிப்பா?

பதில்: ஆம். 984-ல், சோங் வம்சக் காலத்தில், ஹுவாய் ஆற்றுப் பகுதியில் சியாவ் வெய்யுவே அமைத்தார். கதவுகளுக்கு இடையே ஏறத்தாழ 75 மீட்டர். அதற்கு முன் படகைச் சாய்தளத்தில் கயிறு கட்டி இழுத்தார்கள். படகு உடையும், அந்தக் களேபரத்தில் வரித் தானியம் களவு போகும்.

கேள்வி: கால்வாய் நின்றால் பேரரசே ஆடுமா?

பதில்: ஆடியது. மிங் அரசு 1472-ல் வைத்த கணக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ஷி தானியம்; ஒரு ஷி ஏறத்தாழ 100 லிட்டர். தலைநகரில் அதிகாரிகளும் படையும் உண்டது அதைத்தான். 1842 ஜூலையில், கால்வாய் யாங்சி ஆற்றைச் சந்திக்கும் ஜென்ஜியாங்கை பிரிட்டிஷ் படை பிடித்தது. ஆகஸ்டிலேயே சீனா பணிந்து, அபினிப் போரை முடித்த நான்ஜிங் உடன்படிக்கை கையெழுத்தானது. 1855-ல் மஞ்சள் ஆறு கரையுடைத்து வடக்கே திரும்பி, ஷான்டோங்கில் கால்வாயை இரண்டாக அறுத்தது. வென் ஆற்று நீர் மஞ்சள் ஆற்றைத் தாண்டி வடக்கே போக வழியில்லை. படிந்த வண்டலும் அள்ளி மாளவில்லை. கடலில் நீராவிக் கப்பலும் வந்துவிட்டதால் பழுதுபார்க்கக் காசு செலவழிக்க மனமில்லை. 1901-ல் தானியம் அனுப்பும் முறையையே ரத்து செய்தார்கள்.