அறாத செபமாலை

கேள்வி: அக்டோபரில் எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த செபக் குழு) வீடு வீடாகச் செபமாலை சொல்கிறோம். கையால் முறுக்கிய, லேசில் அறாத மாலை என்று 600 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கி வந்திருக்கிறாள் என் மருமகள். 30 ரூபாய் மாலையில் சொன்னால் மாதா கேட்க மாட்டார்களா?
– வாசகி, வடக்கன்குளம்

பதில்: கேட்பார்கள். மாலையே இல்லாமல் விரலை மடக்கி எண்ணிச் சொன்னாலும் கேட்பார்கள். அதற்காக உங்கள் மருமகளைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை, சகோதரி. கிறிஸ்துமஸுக்குச் சீரியல் விளக்கு வாங்கும்போது நாம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. தினமும் கையில் எடுக்கிற பொருளுக்கு மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

ஒரு மாலையில் 59 மணிகள்: 53 'அருள் நிறைந்த மரியே' செபத்துக்கு, 6 'பரலோகத்தில் இருக்கிற' செபத்துக்கு. கம்பியில் கட்டிய மாலையென்றால் மணிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணி. நூற்றுக்கும் மேற்பட்ட அந்தக் கண்ணிகளில் ஒன்று வாய் பிளந்தால் போதும், மாலை இரண்டாகிவிடும். மலிவு மாலையில் கம்பியை வளைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். கைவேலைக்காரர் கம்பியின் முனையை அதன் கழுத்திலேயே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குகிறார், இழுத்தாலும் விரியாது. மருமகளின் மாலையில் அந்தச் சுற்று இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். இல்லையென்றால் 600 ரூபாய் அதிகம்தான்.

கடலோரத்தில் கம்பியும் தாங்காது, உப்புக் காற்று தின்றுவிடும். இடிந்தகரையில் ஒரு பாட்டியின் கையில் பார்த்தேன்: மணிகள் பழையவை, பெருவிரல் பட்டுப் பட்டு வழுவழுத்தவை, கோத்திருந்தது பச்சை நைலான் வலைநூல். மணிக்கு மணி முடிச்சு. கடைமாலை எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது.

உறுதி எதற்கு என்றால், எண்ணுகிற வேலையை விரல் பார்த்துக்கொண்டால்தான் மனம் மறைபொருளில், அதாவது செபிக்கும்போது தியானிக்கிற இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்வுகளில், நிற்கும். திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறைபொருள்கள் வியாழனுக்கு. கெத்சமெனியில் ஆண்டவர் இரத்த வேர்வை வேர்க்கும் இடத்தில் நிற்கும்போது மணி உருண்டு கட்டிலுக்கடியில் ஓடினால் தியானம் எங்கே இருக்கும்? நம் ஊரில் இறந்தவரைச் சவப்பெட்டிக்குள் வைக்கும்போதும் கையில் சுற்றி அனுப்புவது செபமாலையைத்தான். ஆயுசுக்கும் உழைக்கட்டும் என்று ஒருத்தி வாங்கினால் அது ஆடம்பரம் ஆகாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. "மந்திரித்த செபமாலை", அதாவது குருவானவர் ஆசீர்வதித்த மாலை, என்று கூடுதல் விலை சொல்லி விற்றார்களா? அப்படியென்றால் அதுதான் தவறு. மந்திரித்த மாலையை விற்றால் அதோடு சேர்ந்த பேறுபலன் (பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் அருள்) போய்விடும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் மருமகளே மாலையைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். மந்திரிப்பதற்கு விலை கிடையாது. மந்திரித்த பிறகு காரின் கண்ணாடியில் தொங்கவிட வேண்டாம். எப்போதாவது சரிசெய்ய முடியாதபடி சிதைந்துபோனால் குப்பையில் போடாமல் மண்ணில் புதைத்துவிடுங்கள்.