பெயரை ஏன் அழித்தீர்கள்?

ஐயா,
டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் புகைப்படக்கலை கற்பிக்கிறேன். என் மாணவர்கள் இங்கே இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதி முதியவர்களோடு பழகி, அவர்களைப் படம் எடுக்கிறார்கள். படத்தின் அழகுக்கு மதிப்பெண் போடுவதா, பழகிய விதத்துக்கா? ஆய்வுநெறிக் குழு பெயர்களை மறைக்கச் சொன்னது, அதைச் செய்துவிட்டோம்.
— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மதிப்பெண்ணை உங்கள் விருப்பப்படி போட்டுக்கொள்ளுங்கள். "அதைச் செய்துவிட்டோம்" என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்!

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம்மவர்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். வெள்ளைக்கார அரசு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டது. அதற்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதிவைத்தது. அன்பினால் அல்ல, ஆளைக் கட்டிவைப்பதற்காக. ஆனாலும் அந்தப் பேரேடுகளைப் புரட்டித்தான் இன்றும் நம் பிள்ளைகள் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் மாணவர்களின் படங்களை வைத்து நாளை யார் யாரைக் கண்டுபிடிப்பது?

என் அத்தையையும் இப்படி ஒரு மாணவர் கூட்டம் படம் எடுத்தது. பெயின்ட் டப்பாவில் வளர்த்த கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கண்காட்சியில் ஆளுயரப் படம். அடியில் 'முதிய பெண், சாட்ஸ்வொர்த்' என்று ஒரு சீட்டு. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். "எங்கள் பழைய ஊர் கேட்டோ மேனரிலிருந்து எங்களைக் கிளப்பிய நிறவெறி அரசுகூடப் பெயர் போட்டுத்தானே கடிதம் அனுப்பியது" என்றார்.

முகத்தை ஆளுயரத்துக்கு மாட்டிவிட்டுப் பெயரை மறைப்பதில் என்ன பாதுகாப்பு? அடுத்த தெருவுக்கு அந்த முகம் தெரியாதா? ஆபத்துக்கு அஞ்சுகிறவர் மறைக்கச் சொன்னால் மறைத்தே ஆகவேண்டும். ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும், குழு அல்ல.

ஜோகன்னஸ்பர்க்கில் 1989இல் புகைப்படப் பள்ளியான மார்க்கெட் போட்டோ வொர்க்‌ஷாப்பைத் தொடங்கிய புகைப்படக் கலைஞர் டேவிட் கோல்ட்பிளாட்டின் படக்குறிப்புகளை வகுப்பில் காட்டுங்கள். எந்த இடம், எந்த நாள் என்று எத்தனை கறாராக எழுதியிருக்கிறார்!

பஸ் பிடித்துப் போய், கிழவிகளோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக் கதை கேட்கிற உங்கள் மாணவர்கள் தங்கமான பிள்ளைகள். பெயரைக் கேட்டுத்தான் வந்திருப்பார்கள். அழிக்க வைத்தது நீங்கள்.

ஒப்புதல் படிவத்தில் 'என் பெயரையும் போடுங்கள்' என்று ஒரு கட்டம் சேர்த்துக் குழுவுக்கு அனுப்புங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.