முழுப் பட்டறையையும் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41, மாதச் சம்பளக்காரன். மரவேலை என்றால் உயிர். கை ரம்பமும் சின்ன டிரில்லும் வைத்து ஸ்டூல், சுவர்ப் பலகை எல்லாம் செய்திருக்கிறேன். இப்போது ஒரு அறையைப் பட்டறையாக்க ஆசை. டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்), பிளேனர் (பலகையை இழைக்கும் மெஷின்), பேண்ட் சா (பட்டை ரம்பம்), கையில் பிடித்து ஓட்டும் சர்குலர் சா (வட்ட ரம்பம்), சாண்டர் (தேய்க்கும் மெஷின்), ஜிக் சா (வளைவாக அறுப்பது), ரௌட்டர் (விளிம்பும் பள்ளமும் செதுக்குவது) எல்லாம் சேர்த்தால் நான்கு மாதச் சம்பளம் ஆகிறது. இதில் முக்கால்வாசி முதல் மூன்றுக்கே போகிறது. கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குத்தான் வரும். எல்லாவற்றையும் 24 மாதத் தவணையில் வாங்கி, செய்யும் பொருட்களை விற்றுக் கடனை அடைக்கலாமா? தெரிந்தவர் ஒருவர் பழைய டேபிள் சா ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். அதையாவது வாங்கலாமா?

பதில்: பட்டறை அமையுங்கள். தவணையில் வேண்டாம்.

நான்கு மாதச் சம்பளத்தை 24 மாதத்துக்குப் பிரித்தால், வட்டி சேர்க்காமலேயே மாதாமாதம் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். வேலையில் ஒரு சிக்கல், வீட்டில் ஒரு மருத்துவச் செலவு என்று வந்தால் இரண்டு மாதக் கையிருப்பு தாங்காது. அப்போது முதலில் விற்கப்போவது இந்த மெஷின்களைத்தான், அதுவும் வந்த விலைக்கு.

விற்றுக் கடனை அடைப்பதை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். தவணைத் தேதி தவறாமல் வரும், வாடிக்கையாளர் அப்படி வரமாட்டார். ஆரம்பத்தில் கேட்பவர்கள் சொந்தக்காரர்களும் நண்பர்களுமாகத்தான் இருப்பார்கள். அவர்களிடம் மரத்துக்கான காசை மட்டும் வாங்கத்தான் மனசு வரும். ஒரு புத்தக அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அறுத்துப் பூட்டுவது ஒரு நாளில் முடிந்தாலும், தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் காயவிட்டு மறுபடி தேய்ப்பதும் பல மாலைகளைத் தின்றுவிடும். அந்த நேரத்துக்கும் கூலி போட்டு, அந்த விலைக்கு முன்பின் தெரியாத ஒருவர் வாங்கிய பிறகு தொழில் என்று பேசலாம். அதுவரை இது பொழுதுபோக்குச் செலவு. அதில் தப்பே இல்லை, கடன் வாங்கிச் செய்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கட்ட நினைத்த அதே ஆறில் ஒரு பங்கை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். பாதி அவசரகால நிதிக்கு, பாதி பட்டறைக்கு. ஒரு வருடத்தில் பட்டறைக் கணக்கில் ஒரு மாதச் சம்பளம் சேரும். உங்கள் பட்டியலில் கடைசி நான்காக உள்ள கைமெஷின்கள் அத்தனைக்கும் ஆவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

முதலில் சர்குலர் சா. கூடவே ஒரு நல்ல பிளேடு, நேரான ஒரு அலுமினியச் சட்டம், இரண்டு கிளாம்ப். சட்டத்தைப் பலகைமேல் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டியே மெஷினைத் தள்ளினால் பிளைவுட் நேராக அறுபடும். டேபிள் சா எதற்கு என்று நினைத்தீர்களோ, அதில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும். மெஷினோடு பெரும்பாலும் 24 பல் பிளேடுதான் வரும். வேகமாக அறுக்கும், ஆனால் பிளைவுட் ஓரத்தைப் பிய்த்துவிடும். 40 பல்லுக்குக் குறையாத கார்பைடு பிளேடு ஒன்று தனியாக வாங்குங்கள். இந்த மெஷினில் பல் கீழிருந்து மேலே ஏறி வருவதால் சிம்பு மேல்பக்கத்தில்தான் கிளம்பும். அதனால் நல்ல பக்கத்தைக் கீழே திருப்பிப் போட்டு அறுக்க வேண்டும். சுமாரான மெஷினில் நல்ல பிளேடு போட்டால் வேலை சுத்தமாக வரும். விலை உயர்ந்த மெஷினில் மட்டமான பிளேடு போட்டால் வராது.

அடுத்தது ஆர்பிட்டல் சாண்டர். ரௌட்டர் பிறகு வரட்டும். ஜிக் சா, வளைவு அறுக்கும் வேலை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பேட்டரி மெஷின்களில் எச்சரிக்கை தேவை. ஒரு பிராண்டின் பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றில் பொருந்தாது. முதல் மெஷின் வாங்கும்போதே அடுத்த ஐந்தாறு மெஷின்களின் பிராண்டையும் முடிவு செய்துவிடுகிறீர்கள். லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் வயதாகும். வார இறுதியில் மட்டும் வேலை செய்பவருக்கு இது வீண் செலவு. சுவரில் பிளக் இருக்கும் அறையில் டிரில்லைத் தவிர மற்றதெல்லாம் வயர் வைத்ததே போதும்.

உங்கள் பட்டியலில் எனக்குக் கவலை தந்தது, தூசிக்கும் காதுக்கும் எதுவுமே இல்லாததுதான். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. மூடிய அறையில் சாண்டர் ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் நெடுநேரம் காற்றில் நிற்கும். மெஷினோடு இணைக்கும் வேக்கும் கிளீனர், முகத்தில் இறுகப் பொருந்தும் மாஸ்க், கண்ணாடி, காது மூடி எல்லாம் முதல் மெஷினோடு சேர்ந்தே வர வேண்டும். இவற்றுக்குப் பணம் ஒதுக்கத்தான் ரௌட்டரைத் தள்ளிப்போடச் சொல்கிறேன். உங்கள் மருத்துவக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா, விபத்துக் காயத்துக்கு எவ்வளவு தரும் என்பதையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். சம்பாதிக்கும் கை அது.

பழைய டேபிள் சாவைப் பொறுத்தவரை, கையிருப்பை உடைத்து இப்போது வாங்க வேண்டாம். அவர் காத்திருந்தால் ஒரு வருடம் கழித்துப் பேசுங்கள். நேரில் போய்ப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு பிளேடைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. வழிகாட்டிச் சட்டத்துக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளி முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்க வேண்டும். மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு பேரிங் சத்தத்தைக் கேளுங்கள். பிளேடுக்குப் பின்னால், அதோடு சேர்ந்தே ஏறி இறங்கும் ரிவிங் நைஃப் என்ற தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அறுத்த பிளவு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால் பலகை உங்களை நோக்கியே எகிறும். அதைத் தடுக்கத்தான் அந்தத் தகடு. அது இல்லாத, பொருத்தவும் வழியில்லாத மெஷினை கால் விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.